ஆளுக்கு இரண்டு அட்டை

வத்தேகமவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயம்
வியாழக்கிழமை

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் நடராஜா அவர்களுக்கு,

கணேஸ் எழுதிக்கொள்வது. இரத்தம் கொஞ்சம் குறைந்திருப்பதைத் தவிர நான் நலமே. அங்கு நீங்களும் அக்காவும் முழு இரத்தத்தோடு நலமாயிருக்கக் கட்டுக்கலைப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

என் மகள், உங்கள் மருமகள் நிஷாந்தினியைக் கையோடு கூட்டிவருவேன் என்று என் மனைவி பரிமளத்திடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் மஹய்யாவை வீட்டிலிருந்து புறப்பட்டேன். நீங்கள் முதலாளியிடம் பல்லைக் காட்டி வாங்கிய கடை வேலை, மின்விசிறிக்குக் கீழே கதிரையில் உட்கார்ந்து பில் எழுதுகிற வேலை, திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் போய்விடும் என்பதை நான் மறக்கவில்லை. அதை விட்டுவிட்டு, பஸ்கூட ஏற மறுக்கிற மலையில் இவள் ஒரு முன்பள்ளியை நடத்திக்கொண்டு பதினான்கு மூக்குகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். “வாம்மா, போவோம்” என்றால், “புதன்கெழம ஆபீசர் வாறாங்கப்பா. பாடம் சொல்லிக்குடுக்க ஒரு சாமானும் இல்லன்னா மூடிருவாங்க. இதுக மூணு மைல் எறங்கி வத்தேகமவுக்கா போகும்? படிக்காம வீட்டுலயே கெடக்கும்” என்கிறாள்.

சாமானுக்குப் பணம் ஏது? பிஸ்கட் பெட்டிகளை வெட்டி வட்டம், சதுரம் செய்யப்போவதாகச் சொல்லி, பிள்ளைகளிடம் அட்டை கேட்டுவர என்னை அனுப்பினாள். மாநகர சபையில் முப்பத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்தவனல்லவா, லயம் லயமாக, தொழிலாளர் வீட்டு வரிசைதோறும் நின்று, “நாளைக்கு ஆளுக்கு ரெண்டு அட்டை” என்று அறிவித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் பன்னிரண்டு பேர் ஜாம் போத்தலிலும் யோகட் கப்பிலும், உயிரோடு நெளிகிற, இரத்தம் குடிக்கிற அட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்தார்கள். போத்தல் கிடைக்காத இரண்டு பேர் காலிலேயே கொண்டுவந்திருந்தார்கள். நம் தமிழைத்தான் சொல்ல வேண்டும் மச்சான், இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தவர் இந்த மலைக்கு வந்திருக்கவே மாட்டார். நிஷாந்தினி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆபீசர் வந்து நிற்கிறார். மடவளை றலியா மிஸ். பஸ் இல்லாமல் நடந்தே வந்ததில் அவர் காலிலும் மூன்று! அவர் போட்ட சத்தத்தில் நான் ஒரு போத்தலைத் தட்டிவிட்டேன், அதிலிருந்தவை என் வேட்டிக்குள் குடிபுகுந்தன. யதுஷிகா என்று நாலரை வயதுப் பிள்ளை, சவர்க்காரத் துண்டோடு ஓடிவந்து, “அசையாதீங்க மிஸ்” என்று அதட்டி நுரை பூசி ஒவ்வொன்றாகக் கழற்றி, “ஒண்ணு, ரெண்டு, மூணு. மிஸ்ஸுக்கு மூணு, தாத்தாவுக்கு அஞ்சு, தாத்தாவுக்குத்தான் கூட!” என்றாள். மற்றவர்கள் எது நீளம், எது கட்டை என்று அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். றலியா மிஸ் வலியை மறந்து, “யா அல்லாஹ்! எண்ணுதுகள், அளக்குதுகள், என்னையே வெரட்டுதுகள்! டவுன்ல படத்தக் காட்டி படிப்பிக்கிறாங்க, நீங்க உசிரோட படிப்பிக்கிறீங்களே. மகள், இந்த ஐடியா போட்டது யாரு?” என்றார். பதினான்கு விரல்களும் என்னைக் காட்டின. ‘சுற்றாடலிலிருந்து கற்றல், மிகச் சிறப்பு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். முன்பள்ளி தப்பியது.

ஆகவே இனி வேறு ஒரு டீச்சர் வந்து பார்த்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை நிஷாந்தினியை இழுத்துக்கொண்டாவது வந்துவிடுவேன். வேலையைப் பிடித்து வையுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். மருமகன் சுதேஷுக்கு, காலில் எதுவும் ஏறாமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்
கணேஸ்

பி.கு.: தமிழைக் குறை சொன்னது பொய். நிஷாந்தினி ‘காட்போட்’ என்றுதான் சொல்லி அனுப்பினாள். அட்டை என்று மாற்றியது நான். “கடிக்கிற அட்டையா தாத்தா?” என்று யதுஷிகா கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டியதும் நான்தான். ஆபீசர் பயந்து மூடிவிடுவார், மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, பரிமளத்திடம் சொல்லாதீர்கள். கடை வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வேட்டிக்குப் பதில் கட்ட என் இரண்டு சாரத்தையும் ஒரு கட்டி சவர்க்காரத்தையும் வத்தேகம பஸ்ஸில் கொடுத்தனுப்பவும். திங்கட்கிழமை நத்தைப் பாடம், பிடித்து வரவேண்டியது என் பொறுப்பு. “கடிக்குமா தாத்தா?” என்று யதுஷிகா கேட்டாள். இந்த முறை உண்மையைச் சொன்னேன்.