பார்த்தால் மட்டும் கேட்கும் ஒயர்

ஜமுனாமரத்தூர் கோடை விழாவுக்கு மைக் செட் போடுவது யார் என்ற கேள்வி பதினான்கு ஆண்டுகளாக எழுந்ததே இல்லை. கலையரசன் போடுவார். மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார், "அலோ, அலோ" என்பார், மலையே திரும்பிப் பார்க்கும். அரசாங்க விழாவில் பாடிய செட் என்பதால்தான் சுற்றுப்பட்டு ஊர்களில் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவரைக் கூப்பிட்டார்கள்.

இந்த ஆண்டு அரசு விழித்துக்கொண்டது. மலை மக்கள் இத்தனை காலமும் தரமற்ற ஒலியைக் கேட்டுவந்த அவலம் மேலிடத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டு, 'மலைவாழ் விழாக்கள் ஒலித்தர மேற்பார்வை அலுவலர்' என்றொரு பதவி உண்டாக்கப்பட்டு, அதில் ஆதிநாராயணன் அமர்த்தப்பட்டார். தகுதியானவர்தான். வீட்டில் ஹை-ஃபை வைத்திருக்கிறார். ஸ்பீக்கருக்கு அடியில் கருங்கல் பலகை போட்டிருக்கிறார். மழைநாளில் பாட்டே கேட்க மாட்டார், ஈரத்தில் சுருதி ஊறிவிடுமாம்.

அவர் கலையரசனின் ஒயரைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கினார்.

"என்ன இது?"

"ஒயருங்க சார். வேலூர்ல கிலோ கணக்குல வாங்குனது."

"கிலோ கணக்கிலா! இதற்குள் ஒலி எப்படி ஐயா மூச்சுவிடும்?"

பட்டுப் பையிலிருந்து தன் ஒயரை எடுத்தார். சுத்த வெள்ளி. ஒரே திசையில்தான் மாட்ட வேண்டும், திருப்பி மாட்டினால் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று விளக்கினார். இப்படிப்பட்ட ஒயர் இல்லாத செட்டுக்கு விழாவில் இடமில்லை, சென்னையிலிருந்து வேறு செட் வருகிறது என்றும் சொல்லி முடித்தார்.

கலையரசன் கணக்குப் போட்டுப் பார்த்தார். அரசாங்கமே வேண்டாம் என்ற செட்டை மலையில் எவன் வாசலில் ஏற்றுவான்?

"சார், கண்ணைக் கட்டிக்கினு கேளுங்க. எது உங்க ஒயரு, எது என் ஒயருனு சரியா சொல்லிட்டீங்கனா, நான் செட்டைச் சுருட்டிக்கினு போய்ட்றேன்."

சவாலை அரசு சும்மா விடுமா? 'கண்மறைப்புச் செவிவழி ஒப்பீட்டு ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. ஆதிநாராயணனே தலைவர், உறுப்பினர்கள் நால்வர். கறுப்புத் துணி துக்கத்தைக் குறிக்கும் என்று ஒருவர் ஆட்சேபித்ததால், உரிய கடிதப் போக்குவரத்துக்குப் பின் பச்சைத் துணி வரவழைக்கப்பட்டது.

முதலில் கண் திறந்தபடி கேட்டார்கள். வெள்ளி ஒயரில் நாதஸ்வரம் தேனாக வழிந்தது, கிலோ ஒயரில் தகரம் உரசியது. ஐந்து பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். பிறகு கண்ணைக் கட்டிப் பத்து முறை கேட்டார்கள். ஏழு முறை கிலோ ஒயரைத்தான் "ஆகா, வெள்ளி!" என்றார்கள். எட்டாவது முறை ஆதிநாராயணன் கையை உயர்த்தி, "இந்த மௌனத்தின் ஆழத்தைக் கவனியுங்கள்!" என்றார். கரண்ட் போயிருந்தது.

துணியை அவிழ்த்தபோது கலையரசனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்போ ரெண்டும் ஒண்ணுதானுங்களே சார்?"

"அவசரப்படாதீர். கண் திறந்திருந்தபோது வித்தியாசம் கேட்டதா இல்லையா?"

"கேட்டதா சொன்னீங்க."

"கட்டிய பிறகு?"

"கேக்கல."

"அப்படியானால் குறை ஒயரிலா, துணியிலா?"

கலையரசன் பச்சைத் துணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று மாலையே அறிக்கை தயாரானது: 'கண்ணைக் கட்டினால் செவி அஞ்சும். அஞ்சிய செவி கேளாது. எனவே மேற்படி ஒயரின் மேன்மை, பார்க்கும்போது மட்டும் கேட்கும் வகையைச் சார்ந்தது என இக்குழு தீர்மானிக்கிறது.'

சென்னை செட்டை ஏற்றி வந்த லாரி கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாமல் வந்த வழியே போய்விட்டது. வேறு வழியில்லாமல் கலையரசனுக்கே அனுமதி கிடைத்தது, வெள்ளி ஒயரைப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த ஒயரின் நீளமோ ஒன்றரை மீட்டர். மேடையிலிருந்து முதல் மரமே நாற்பது அடி. அறிக்கையை ஆதிநாராயணன் மறுபடி படித்தார். பார்த்தால் போதும் என்றுதானே இருக்கிறது, மாட்ட வேண்டும் என்று எங்கே இருக்கிறது? ஒயர் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டு, மாலை போட்டு, மேடையில் நிறுத்தப்பட்டது.

முன்வரிசைப் பிரமுகர்கள் சொக்கிப்போனார்கள். பின்வரிசைக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள்: பெட்டி தெரியவில்லை, ஆகவே பாட்டு சரியாகக் கேட்கவில்லை. மனு உடனே பரிசீலிக்கப்பட்டு, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு வரிசை விடப்பட்டது. பார்த்துவிட்டுப் போனவர்கள் இப்போது நன்றாகக் கேட்கிறது என்று கையெழுத்தும் போட்டார்கள்.

விழா முடிந்த வாரமே, சந்தைக்குப் புளி கொண்டுவந்த பெரியம்மாள் தன் மகள் கல்யாணத்துக்குச் செட் பேச வந்தாள்.

"அந்தக் கண்ணாடிப் பொட்டி உண்டுதானே?"

"அது எதுலயும் சொருகவே இல்லம்மா. பாடுனதெல்லாம் என் ஒயருதான்."

"அதான் போன வருசம் எங்க வூட்டுக் காதுகுத்துல கரகரன்னு கேட்டுச்சா? நான் படவேட்டு செட்டுக்காரனையே பாத்துக்கறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

அவளுக்குப் பின் இன்னும் நான்கு பேர் அப்படியே போனார்கள். ஐந்தாவது ஆள் வருவதற்குள் கலையரசன் கண்ணாடிப் பெட்டி செய்துவிட்டார். உள்ளே ஒன்றரை மீட்டர் கிலோ ஒயர், மேலே வெள்ளிப் பெயின்ட். மனைவி பூவிழி விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். முகூர்த்தம் ஒன்று பாக்கியில்லாமல் கூப்பிட்டார்கள்.

ஆவணியில் அமிர்திப் பக்கம் ஒரு கல்யாணம். கலையரசனும் பூவிழியும் பெட்டியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கல்யாணக்காரர்கள் பந்தி பரபரப்பில் கவனிக்கவில்லை. கலையரசன் மட்டும் இருப்புக்கொள்ளாமல் ஆம்ப்ளிஃபயரைத் திருகிக்கொண்டே இருந்தார். பேஸை ஏற்றினார், இறக்கினார். மரத்தில் ஏறிக் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாய்யா ஆச்சு?" என்றாள் பூவிழி.

"தகரம் மாதிரி கேக்குது. வூட்டுக்குப் போய்ட்டு பொட்டிய எடுத்துக்கினு வர்றேன்."

"பைத்தியமா உனக்கு? அதுக்குப் பெயின்ட் அடிச்சதே நீதானே! கண்ணை மூடிக்கினு கேளு, ஒண்ணும் ஆவல."

கலையரசன் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"மூடிப் பாத்துட்டேன்டி. மூடுனா நல்லாத்தான் கீது. அதுக்காக கல்யாணத்துக்கு வந்தவங்களை எல்லாம் கண்ணை மூடிக்கினு உக்காரச் சொல்றதா?"