ஆயர் கோட்டையும் எங்கள் மூன்றாம் ஓலையும்

மைக்கைக் கையில் கொடுத்தால் நிறுத்தத் தெரியாதவர்கள் என்று ஒரு வகை உண்டு. நான் அதில் தலைவர் பதவிக்கே நிற்கலாம்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம். பெண் ஸ்டெல்லாவுக்கு, தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். கோயிலில் மூன்று ஞாயிறு எங்கள் ஓலையை, அதாவது கல்யாண அறிவிப்பை, வாசித்து, யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்றால்தான் கல்யாணம். இரண்டு முடிந்திருந்தது. மூன்றாவது வாசித்த மறுநாள் கல்யாணம். புதன்கிழமை தவக்காலம் தொடங்கிவிடும், பிறகு ஈஸ்டர் வரை தாலி கட்ட முடியாது. ஸ்டெல்லாவின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. மகளைக் கைபிடித்துப் பீடம்வரை கூட்டிப்போக வேண்டும் என்பதற்காகவே கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வந்திருந்தார்.

பங்குச்சாமியார் என்னிடம், "மாப்ள, நீங்க ஹிஸ்டரி வாத்தியாராமே. சனிக்கிழம இளைஞர் கூட்டத்துல திருச்சபை வரலாறு ஏதாவது பேசுங்களேன்" என்றார். (வேண்டாம் என்று சொல்ல வாய் வந்ததா? வரவில்லை.)

இடைக்கால ஐரோப்பாவில் ஓர் ஆயர், அதாவது பிஷப், தன் அரண்மனையைக் கோட்டையாக்கிய கதையை எடுத்துக்கொண்டேன். அகழி, தூக்குப்பாலம், காவல் கோபுரங்கள் எல்லாம் வந்தன. "எதிரிக்குப் பயந்தல்ல, சொந்த ஊர் சனங்களுக்குப் பயந்து கட்டினார். மேய்ப்பர் உள்ளே, ஆடுகள் வெளியே" என்றபோது ஒரே கைதட்டல். என் பேச்சுத் திறமைக்கு என்று நினைத்துக்கொண்டேன். சாமியார் பங்களாவைச் சுற்றிப் புதுச்சுவர் எழும்புவதைப் பார்த்திருந்தேன். அது கடற்கரைக்குப் போகிற குறுக்குப்பாதையை மறிக்கிறது, ஊரே கொதித்துப் போயிருக்கிறது என்பதை டவுன்காரனான எனக்கு யாரும் சொல்லவில்லை.

பின்வரிசையில் ஒரு மீனவர் எழுந்தார். "சாரு, அந்தச் சுவரு கடைசில என்னாச்சி?"

"சனங்களே கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய் வீடு கட்டிக்கொண்டார்கள்" என்றேன், முகமெல்லாம் பல்லாக.

ஞாயிறு விடிந்தபோது பங்களாவின் புதுச்சுவர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. பூசையில் மற்றவர்களின் ஓலை வாசிக்கப்பட்டது. எங்களுடையது இல்லை. மாமனாரும் நானும் சாமியார் முன்னால் போய் நின்றோம்.

"சுவரு மறுபடி எழும்பட்டும், வாசிக்கலாம்" என்றார், என்னைப் பார்க்காமலே.

"எனக்கு லீவு இல்ல சாமி" என்றார் மாமனார்.

ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் நடந்தது. ஸ்டெல்லாவைப் பீடத்துக்கு அழைத்து வந்தது அவள் சித்தப்பா. மாமனார் அன்றைக்கு எந்தக் கடலில் இருந்தாரோ தெரியாது.

இப்போது அவர் ரிட்டயராகிவிட்டார். கல்யாண ஆல்பத்தை யார் திறந்தாலும், "நம்ம மாப்ள ஒரு கோட்ட கட்டுனாரு. அதுக்கு வெளிய நின்னது நான் ஒருத்தன்தான்" என்று ஆரம்பித்துவிடுவார். வீடே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். ஸ்டெல்லா மட்டும் ஆல்பத்தை வாங்கி மூடிவிடுவாள்.