பிளாசிப் போரில் ஷாஜகான்

"தாஜ்மஹாலைக் கட்டினது அசோகர்... பிளாசிப் போரை ஜெயிச்சது ஷாஜகான்... கடல் வழியா வந்து இறங்கின போர்த்துக்கீசியர் ராபர்ட் கிளைவ்..."

லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து, இரும்புக் கயிற்றுக்கு கிரீஸ் தடவியபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தான் மெக்கானிக்.

கீழே நின்ற கூட்டாளி அண்ணாந்து பார்த்தான். "என்னடா மந்திரம்? கயிறு அறுந்து விழுந்துடும்னு பயமா?"

"மந்திரம் இல்லடா, சரித்திரம். ஞாயித்துக்கிழமை எனக்குப் பரீட்சை."

"அதுக்கு? அசோகரையா தாஜ்மஹால் கட்டச் சொன்னே?"

படிக்கும்போது மெக்கானிக்குக்கும் அந்த இடம் கொஞ்சம் நெருடத்தான் செய்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்தில் தான் வாங்கிய மார்க்குகளை ஒருமுறை நினைத்துப் பார்த்தான். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு, அச்சடித்த புத்தகத்தைச் சந்தேகப்பட யோக்கியதை வேண்டாமா என்று அடங்கிப்போனான்.

"புது ஆராய்ச்சி ஏதாவது வந்திருக்கும்டா" என்றான்.

பரீட்சை வைக்கப்போகிறவர் டோக்கனின் அப்பா. டோக்கன் என்பது அவள் பெயர் இல்லை. மூன்றாவது மாடிப் பல் டாக்டரிடம், வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்புகிற வேலை அவளுக்கு. ஒருநாள் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். மெக்கானிக் வெளியே நின்று கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டே அவளுக்குத் தைரியம் சொன்னான், ஜோக் சொன்னான், மாமியார் கதைகூடச் சொன்னான். மனிதர்களை முகத்துக்கு நேரே பார்த்தால் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு நடுவில் ஓர் இரும்புக் கதவு இருந்ததால் தப்பித்தான். கதவு திறந்ததும் ஊமையாகிவிட்டான். அதற்குள் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது.

இப்போது வீட்டுக்கு வந்து பேசச் சொல்கிறாள்.

"எங்கப்பா லேசுல வாயைத் திறக்க மாட்டாரு. பூட்டுக் கடை வச்சிருக்காருல்ல, முதல் பூட்டை வாய்லதான் மாட்டிக்கிட்டாரு. போன தடவை ஒரு வரன் வந்தப்ப ரெண்டு பேரும் ஃபேனைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. அவங்க போனதும் அப்பா 'வேண்டாம்'னாரு. அன்னைக்கு அவர் பேசினதே அது ஒண்ணுதான்."

"அப்ப எனக்கும் அதே கதிதான்."

"சரித்திரம்னா மட்டும் அப்பா வாய் திறப்பாரு. அதுக்குத்தான் இது." பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். இந்திய வரலாற்றுப் பொது அறிவு, பழங்காலம் முதல் ஆங்கிலேயர் ஆட்சி வரை. முன்பக்கம் கேள்விகள், பின்பக்கம் பதில்கள்.

"எவ்வளவு ஆச்சு?"

"காசெல்லாம் வேண்டாம். சும்மா வந்ததுதான்."

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் தேய்த்த சட்டையும் தேயாத பயமுமாகப் போய்ச் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். எதிரே பூட்டுக் கடைக்காரர். அவர் தலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அம்மா வாயெல்லாம் சிரிப்பாக "வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

பூட்டுக் கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "லிஃப்ட் எல்லாம் எப்படிப் போகுது?"

"மேல போகுது சார்." யோசித்தான். "கீழயும் போகுது."

பேச்சு அதோடு படுத்துவிட்டது. இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்தார்கள். மெக்கானிக் மனசுக்குள் கணக்குப் போட்டான். இந்தப் பெண்ணை விட்டால் தனக்கு இன்னொருத்தி கிடைக்க, இன்னொரு லிஃப்ட் அதேபோல் நடுவழியில் நிற்க வேண்டும். அப்படியே நின்றாலும் உள்ளே இவள் இருக்கப்போவதில்லை.

"ஒரு நிமிஷம்" என்று பெரியவர் எழுந்து பாத்ரூமுக்குப் போனார். திரும்பி வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி... பிளாசிப் போரை ஜெயிச்சது யாரு?"

"ஷாஜகான்!"

"பேஷ்!" என்று தொடையைத் தட்டினார் பெரியவர்.

மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்தது. குளிர்ந்த உச்சியை நிமிர்த்திப் பார்த்தபோதுதான் அலமாரிக்குள் அது தெரிந்தது. கண்ணாடியில் செய்த குட்டி தாஜ்மஹால். பீடத்தில் பொன் எழுத்தில் 'ஷாஜகானின் காதல் சின்னம்'. தண்ணீர் கொண்டுவந்த டோக்கன், அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள். "கிளைவ், கிளைவ்" என்று உதட்டை அசைத்தாள்.

அவனுக்குச் சுரீர் என்றது. கைடை அச்சடித்த புண்ணியவான் பதில் பக்கத்தில் ஒரு வரியை நழுவவிட்டிருக்கிறான். ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்வியின் மடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. கலிங்கத்து அசோகர் தாஜ்மஹாலுக்கு வந்துவிட்டார். தாஜ்மஹால் கட்டிய ஷாஜகான், தான் செத்துத் தொண்ணூறு வருஷத்துக்குப் பிறகு நடந்த போருக்குக் கிளம்பிவிட்டார்.

"மன்னிக்கணும் சார், வாய் தவறிடுச்சு. கிளைவ்."

பெரியவர் முகம் சுண்டிப்போனது. "கிளைவா? நிச்சயமா?"

"ஆ... ஆமா சார்."

"ஒரு நிமிஷம்." மறுபடி பாத்ரூம். இந்தத் தடவை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "தம்பி, அவசரமே இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

சரியான பதிலுக்கு முகம் சுண்டுகிறது, தப்பான பதிலுக்குத் தொடையைத் தட்டுகிறார். மெக்கானிக் குழம்பிப்போய் வந்த வழியே திரும்பினான். "ஷாஜகான்தான் சார். நீங்க கவனிக்கிறீங்களான்னு சும்மா பார்த்தேன்."

"அதானே! ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன்."

டோக்கன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் மெக்கானிக்குக்குப் புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தான். இவர் விளையாடுகிறார். முதல் பதிலிலேயே ஆளை எடை போட்டுவிட்டார். இனி வீட்டுக்குக் கிளம்பும்வரை வைத்து வறுத்தெடுக்கப்போகிறார். காது சூடேறியது. ரோஷத்தில் நாக்குக் கொஞ்சம் கழன்றுகொண்டது.

"சார், நான் ஒண்ணு கேக்கலாமா?" அலமாரியைக் காட்டினான். "இதைக் கட்டினது யாரு?"

பெரியவர் திரும்பி அந்தக் கண்ணாடி மாளிகையைப் பார்த்தார். பீடத்தில் இருந்த பொன் எழுத்தையும் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"அசோகர்."

இதற்குமேல் ஒரு மனுஷனைக் கிண்டல் செய்ய முடியாது. மெக்கானிக் எழுந்துவிட்டான்.

"போதும் சார். எனக்குச் சரித்திரம் தெரியாது. பள்ளிக்கூடத்துலயே அதுக்கும் எனக்கும் ஆகாது. இப்ப சொன்னதெல்லாம் ஒரு கைடை வச்சு மனப்பாடம் பண்ணது, அதுவும் தப்புக் கைடு. ஷாஜகானைப் போருக்கு அனுப்பின முட்டாள் நான்தான். எனக்குத் தெரிஞ்சது லிஃப்ட் ஒண்ணுதான். ஆனா உங்க பொண்ணுன்னா எனக்கு உயிர் சார். அவ ஏறின லிஃப்ட் இனிமே எங்கயும் நிக்காது, அதுக்கு நான் பொறுப்பு. கட்டிக் கொடுக்கறதுன்னா கொடுங்க. இல்லேன்னா 'வேண்டாம்'னு இப்பவே சொல்லிடுங்க, கிண்டல் மட்டும் பண்ணாதீங்க."

நடுவில் கதவு எதுவும் இல்லாமல் ஒரு மனிதரிடம் அவன் இவ்வளவு பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பெரியவர் வாய் பிளந்தது பிளந்தபடி இருந்தது. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். மகள் தரையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

டீத் தட்டோடு வாசற்படியில் நின்ற அம்மா, தட்டை மேஜைமேல் ணங்கென்று வைத்தாள்.

"அடிப்பாவி! 'வரப்போறவர் சரித்திரம்னா மட்டும்தான் வாய் திறப்பாரு'ன்னு நீ சொன்னதை நம்பி உங்கப்பா ஒரு வாரமா பாத்ரூம்ல உட்கார்ந்து படிச்சுக்கிட்டிருக்காரு. 'ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்'னு வாங்கிட்டு வந்தியே, அந்த இன்னொரு கைடை யார் தலையில கட்டினேன்னு இப்பத்தாண்டி தெரியுது!"