பூட்டிய கேட்டுக்கு ஒரு சொற்பொழிவு

கூலிமுக்கும் லூனாசுக்கும் நடுவே கூடாரம் போட்ட எவரும் கெமா அண்ணனிடமிருந்து தப்பியதில்லை. கூடாரத்தை இங்கே மலாய்ச் சொல்லால் கெமா என்போம். அது கண்ணில் பட்டால் போதும், தேர்தலுக்குத் தேர்தல் நின்று தோற்கும் அந்த மனிதர் ஒலிபெருக்கி லோரியோடு வந்துவிடுவார். கல்யாணமோ காதுகுத்தோ, ஒரே பேச்சுதான். அவர் வாயைத் திறந்ததும் செம்பனைத் தோட்டத்து ஜனம் எழுந்து போகச் செருப்பைத் தேடும். ஓட்டுக் கேட்டு வந்தவர்களை எல்லாம் பார்த்துச் சலித்தவர்கள் நாங்கள்.

என் மாமனார் இறந்த அன்றும் வந்தார். கெமாவையும் நாற்காலிகளையும் பார்த்துக் கல்யாணம் என்று நினைத்துவிட்டார். "மணமக்கள் பல்லாண்டு வாழ்க!" என்று லோரியிலிருந்தே முழங்கினார். ஒப்பாரி நின்றுவிட்டது.

என் மனைவி எழுந்து போனாள். "அண்ணே, எங்கப்பா ஓட்டு இனிமே ஒங்களுக்குக் கெடைக்காது. மத்தவங்க ஓட்டும் சந்தேகந்தான் லா."

"மன்னிச்சிரு தங்கச்சி" என்றவர், கட்சித் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், இடுகாட்டுப் பாதையின் கேட் பூட்டிக் கிடந்தது. தோட்டம் கைமாறியதிலிருந்து இந்தத் தொல்லை. மனைவியின் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பதுதான் மாமனாரின் ஒரே ஆசை. சாவி மேட்டு பங்களாவில், மேனஜரிடம். முன்பே சொல்லி வைத்திருந்தும் மனிதர் தூங்கிவிட்டார், போனை எடுக்கவில்லை. மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது. கூப்பிட வேண்டிய மருமகன் நான். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"தம்பி, நான் பேசட்டுமா?" கெமா அண்ணன் அனுமதி கேட்டது அதுதான் முதல் முறை. தலையாட்டினேன்.

ஊர்வலத்தின் பின்னாலேயே வந்து நின்ற தன் லோரி மேல் ஏறினார். "மதிப்பிற்குரிய மேனஜர் அவர்களே!" செம்பனை ஓலையெல்லாம் அதிர்ந்தது. தமிழில் முடித்து, மலாயில் மறுபடி ஆரம்பித்தார். யாரும் செருப்பைத் தேடவில்லை. "இன்னும் சத்தமாண்ணே!" என்றார்கள்.

மேனஜர் கைலியோடு ஓடி வந்தார். ஒரு கை காதில், மறு கையில் சாவி. "போதும் லா, போதும்!"

மாமனாரை அத்தையின் பக்கத்தில் இறக்கி மண்ணை மூடிய பிறகுதான் முதல் துளி விழுந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அங்கே கெமா அண்ணன் ஒரு வார்த்தை ஓட்டுக் கேட்கவில்லை.

"அடுத்த கெமாவுக்கு விசாரிச்சிட்டு வாங்கண்ணே" என்றாள் என் மனைவி.

அடுத்து வந்த தேர்தலிலும் வழக்கம்போல் தோற்றார். எங்கள் தோட்டத்து வாக்குகளில் மட்டும் அவர்தான் முன்னால் என்றார்கள். "எவன்டா போட்டது?" என்று கோப்பிக் கடையில் விசாரணை நடந்தது. ஆளாளுக்குக் கோப்பியை எடுத்து ஆற்ற ஆரம்பித்தார்கள். நானும் கோப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தேன், அது எப்போதோ ஆறிப்போயிருந்தும்.