ரேடியேட்டரில் இரண்டு கைப்பிடி டஸ்ட்

பொகவந்தலாவை,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் அழகையா அவர்களுக்கு, செல்லசாமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கச்சி ரத்னாவும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்பது வழக்கம். இந்த முறை கேட்கவில்லை.

உங்கள் பழைய காரை என் தலையில் கட்டும்போது என்ன சொன்னீர்கள்? "எட்டு வருசமா ரேடியேட்டர் மூடியத் தொறந்ததே இல்ல மச்சான், தங்கமான வண்டி." அதை நம்பி, என் மகள் பிரியந்தியைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா அம்மாவை ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் ஸ்டேஷனில் அந்தத் தங்கத்தில் ஏற்றினேன். நோர்வூட் தாண்டியதும் சூட்டு முள் சிவப்புக்குப் போனது, பொனட்டிலிருந்து ஆவி கிளம்பியது, மழை வேறு, இறங்கி நின்ற சம்பந்தியம்மாவின் காலில் அட்டை ஏறியது, நான் உப்புக் கேட்டுத் தோட்டத்து லயங்களில் வீடு வீடாக ஓடினேன். அந்தம்மா கடைசியில், "வெள்ளிக்கிழம நிச்சயத்துக்கு எங்கள இதே கார்ல ஒழுங்கா கொண்டுபோய் எறக்குங்க, அப்பறம் சம்பந்தம் பேசலாம்" என்று சொல்லிவிட்டார். மானம் போய்விட்டது மச்சான்.

நேற்று துஷாந்தின் கராஜில் விட்டேன். கீழ்க்குழாயைக் கழற்றியதும் கறுப்பாகக் கொட்டியது. மோந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இது தேயிலச் சாயத்தண்ணி. சீனி மட்டுந்தான் கொறையுது" என்றான். ஆட்டோக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். முப்பது வருடம் தொழிற்சாலையில் தேயிலை சலித்த எனக்கு டஸ்ட் தூளைத் தெரியாதா? உங்களுக்குப் போன் போட்டால் கொஞ்சமும் கூசாமல், "அப்பவே சின்ன ஓட்ட இருந்துச்சு, ரெண்டு கைப்பிடி டஸ்ட் போட்டேன், ஊறி அடைச்சிக்கிச்சு" என்கிறீர்கள். மனுசன் செய்கிற வேலையா இது? திட்ட வாயெடுத்தேன், போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். தெளிந்த தண்ணீர் வரும்வரை மூன்று மணி நேரம் பைப்பைப் பிடித்துக் கழுவினோம். இடுப்பு நிமிரவில்லை.

வெள்ளிக்கிழமை தாய்மாமன் என்று சீர்த்தட்டோடு இந்தப் பக்கம் வர வேண்டாம். வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவேன். ரத்னா அழுகிறாள். அழட்டும்.

முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், அதற்கு முன்னால் கொஞ்சம் புத்தியையும் கொடுக்கட்டும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் என் அன்பு.

இப்படிக்கு,
இனி உங்களுக்கு உறவில்லாத
செல்லசாமி

பி.கு.: இப்போதுதான் துஷாந்த் வந்தான். சுத்தமான தண்ணீர் ஊற்றியதும் ரேடியேட்டர் ஒன்பது இடத்தில் பூவாளி மாதிரி ஒழுகுகிறதாம். உங்கள் தூள்தான் இத்தனை வருடம் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. வேறு ரேடியேட்டர் கொழும்பிலிருந்து வரப் பத்து நாளாகும். ஆகவே, கடிதத்தை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கு முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டு வாருங்கள். சீர்த்தட்டில் சேலை, பழம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதே டஸ்ட் இரண்டு கைப்பிடி கட்டாயம் இருக்க வேண்டும்.