மாமாவின் தொண்டையும் ஹட் பே கப்பலும்

பேச முடியாதவர்களைப் பேசவைக்கப் படித்தவள் நான். அந்தப் படிப்பில் நான் முதன்முதலாகச் சாதித்தது, ஊரே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் வாயை அடைத்தது. அதில் எனக்கு முழு வெற்றி. அந்த வெற்றியால்தான் என் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனது.

ஸ்பீச் தெரபியில் முதுகலை என்றால், குழந்தைகளுக்கு அ, ஆ சொல்லித்தர இவ்வளவு படிப்பா என்று கேட்பார்கள். (என் அப்பா இன்றும் கேட்கிறார்.) பாடம், பரீட்சை, ஆய்வேடு எல்லாம் போக, லாக்புக் என்று ஒன்று உண்டு. ஆட்களைப் பார்த்துச் சிகிச்சை செய்த ஒவ்வொரு மணி நேரத்தையும் அதில் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். குழந்தைகளுக்கு இத்தனை மணி, திக்குகிறவர்களுக்கு இத்தனை, பக்கவாதம் வந்தவர்களுக்கு இத்தனை, குரல் கெட்டவர்களுக்கு இத்தனை என்று தனித்தனிக் கணக்கு. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வாய்மொழித் தேர்வுக்கு உள்ளே விடமாட்டார்கள்.

எனக்குக் குரல் கட்டம் காலி. மெயின்லேண்டில் (அந்தமான்காரர்களான எங்களுக்குக் கடலுக்கு அப்பால் இருக்கும் இந்தியா முழுதும் அதுதான்) என் கல்லூரியில் குரல் கெட்டவர் ஒருவர் வந்தால் எட்டு மாணவிகள் சூழ்ந்துகொள்வோம். நான் எப்போதும் எட்டாவது ஆள். கடைசி விடுமுறைக்கு எங்கள் ஊரான போர்ட் பிளேர் வந்தபோது பத்து மணி நேரம் பாக்கி. ஊரிலேயே பதிவுபெற்ற ஒரு தெரபிஸ்டிடம் செய்து முடிக்கலாம் என்று கல்லூரி அனுமதி தந்திருந்தது. எனக்கு வாய்த்தவர் ஒரு மலையாளி மேடம். பொறுமைசாலி. என்னைப் பார்த்த பிறகும் பொறுமையாகவே இருந்தார்.

குரல் கெட்ட ஆளுக்கு நான் அலைய வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே இருந்தார். அம்மாவின் அண்ணன், முருகேசன் மாமா.

எங்கள் வீடு இருக்கும் பத்துபஸ்தியில் விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது எல்லோரும் பேச்சை நிறுத்துவோம், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். மாமா மட்டும் நிறுத்தமாட்டார். விமானம்தான் அவரைக் கடந்து போக வேண்டும். அவருக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், அதாவது கப்பல் துறையில், வேலை. தீவுக் கப்பல்கள் கிளம்பும்போது ஆட்களை ஏற்றி, சீடியை (ஏறும் படிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்) எடுக்கச் சொல்வது அவர் பொறுப்பு. மைக்கில் அறிவிப்பு தனியாக வரும். ஆனால் உள்ளூர்க்காரர்கள் மைக்கைக் கேட்டு எழுந்திருப்பதில்லை. மைக்குக்கு எழுந்து வரிசையில் நிற்பவர் சுற்றுலா வந்தவர் என்று அர்த்தம். நாங்கள் வெளியே நிழலில் டீ குடித்துக்கொண்டிருப்போம். "ஹட் பே வாலா எல்லாம் ஜல்தி வாங்க, சீடி எடுக்கப் போறேன்" என்று மாமா அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுப்பார். அதற்குப் பிறகு டம்ளரை வைத்துவிட்டு நடந்தாலும் கப்பலைப் பிடித்துவிடலாம்.

இப்படி முப்பது வருடம் கத்தியதில் மாமாவின் குரல், ஓட்டை சைலன்சர் வைத்த ஆட்டோ மாதிரி ஆகியிருந்தது. மேடம் பரிசோதித்தார். குரல் நாணில் சின்னதாகக் காய்ப்பு. கத்த வேண்டாம், பேச்சைக் குறையுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று மாமாவிடம் சொன்னார். பயிற்சிகளை எனக்குச் சொல்லித்தந்தார். மறுநாளே பள்ளிக் குழந்தைகளுக்கான முகாமுக்காக, தெற்கே வேறு தீவில் இருக்கும் ஹட் பே கிளம்பிவிட்டார். ஒரு வாரம் கழித்து லாக்புக்கோடு அங்கே வா, மிச்ச நேரத்தை முகாமில் குரல் கெட்ட பிள்ளைகளோடு முடி, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

மேடம் சொன்னது பேச்சைக் குறைக்க. எனக்கு அது போதவில்லை. புத்தகத்தில் முழு மௌனம் என்று ஒரு அத்தியாயம் படித்திருந்தேன். படித்ததை எவர் மீதாவது பிரயோகித்தே தீர வேண்டும் என்ற வயது. ஒப்பந்தம் ஒன்றை நானே டைப் செய்தேன். ஏழு நாள் ஒரு சொல் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அவசரம் என்றால் எழுதிக் காட்டலாம். 'எந்தக் காரணத்துக்காகவும்' என்பதன் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டேன். இரண்டு கோடு.

மாமா படித்தார். "ஜெட்டில எப்படி பாப்பா?" என்று கேட்டார். மைக் இருக்கிறதே மாமா என்றேன். தங்கை மகள் படித்து டாக்டரம்மா ஆகிறாள் என்ற பெருமையில் (நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார்) கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்த மனிதரைப் போல் ஒரு நோயாளி இனி எனக்குக் கிடைக்கமாட்டார். சட்டைப்பையில் குட்டி நோட்டு, காதில் பென்சில். குழம்பில் உப்பில்லை என்பதையும் எழுதித்தான் காட்டினார். அத்தைக்கு வாழ்க்கையிலேயே நல்ல வாரம் அது. முப்பது வருடத்தில் இப்போதுதான் சீரியலில் என்ன பேசுகிறார்கள் என்று முழுதாகக் கேட்டேன் என்றார். ஜெட்டிக்கு வந்துபோகிறவர்களும் இரண்டே நாளில் பழகிக்கொண்டு மைக்குக்கு மாறிவிட்டார்களாம். எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது.

ஏழாம் நாள் காலை, லாக்புக்கும் பெட்டியுமாக நான் ஹட் பே கப்பலுக்குக் கிளம்பினேன். இதை விட்டால் அடுத்த கப்பல் மூன்று நாள் கழித்து. அதற்குள் நான் முகாமை முடித்து, இதே கப்பலில் திரும்பி, மெயின்லேண்டுக்கு விமானம் ஏற வேண்டும். லாக்புக்கை ஒப்படைக்க அந்த வாரம்தான் கடைசி. ஆகவே அரை மணி முன்னதாகவே போய்விட்டேன். போனவள் ஏறியிருக்கலாம். ஆனால் நான் உள்ளூர்க்காரி, அதுவும் ஜெட்டி முருகேசனின் மருமகள். சுற்றுலாக்காரர்களோடு போய் வரிசையில் நிற்பதா? நிழலில் ஒரு சிமெண்டுத் திண்டைப் பிடித்து, டீ வாங்கிக்கொண்டு, லாக்புக்கைத் திறந்தேன்.

பக்கத்தில் ஒரு பெங்காலி தாதா (அவர்கள் மொழியில் அண்ணன், ரவுடி இல்லை), கோழிக்குஞ்சுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். வடக்கே டிக்லிபூரிலிருந்து அன்றுதான் வந்தவர், அவரும் ஹட் பே போகிறவர்தான். இருவரும் மாமாவின் குரலுக்குக் காத்திருந்தோம். அவருக்காவது விஷயம் தெரியாது. அந்தக் குரலை நிறுத்திவைத்ததே நான்தான். அது என் மண்டையில் ஏறவே இல்லை. ஏனென்றால் அப்போது நான் லாக்புக்கில், 'நோயாளியின் ஒத்துழைப்பு: மிகச் சிறப்பு' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

மைக்கில் ஏதோ சொன்னார்கள். ஹாரன் அடித்தது. ஹாரன் எப்போதும்தான் அடிக்கும். நிமிர்ந்து பார்த்தபோது தூரத்தில், கப்பல் கிளம்பும்வரை சீடியை விட்டு நகரக் கூடாத மாமா தோள் துண்டை எடுத்து வீசினார். பாசம் என்று நினைத்து நானும் கையசைத்தேன். அவர் இன்னும் வேகமாக வீசினார். நானும் இன்னும் வேகமாக அசைத்தேன். நோட்டில் பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்து நோட்டுதான் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. எழுதிக் காட்டும் விதியைக் கடைசி நாள்வரை பின்பற்றுகிறாரே என்று எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

அப்புறம் மாமா இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

நான் பதறி எழுந்தேன். ஏழு நாள் தவம் ஒரு நொடியில் போய்விடுமே. உதட்டில் விரலை வைத்து, மறு கையால் கூடாது கூடாது என்று ஆட்டினேன். மாமா என்னைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

நான் உட்கார்ந்து 'மிகச் சிறப்பு' என்பதன் கீழ் ஒரு கோடு போட்டேன். சிவப்பு மையில்தான்.

தாதா என் தோளைத் தட்டினார். "ஆஜ் முருகேசன் பாய் சில்லாயா நஹி?" என்று கேட்டார். இன்றைக்கு முருகேசன் ஏன் கத்தவில்லை என்று. பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. நிமிர்ந்தேன். சீடியை எடுத்துவிட்டிருந்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கொஞ்சம் கடல் இருந்தது.

ஓடினேன். பெட்டி ஒரு பக்கம், டீ ஒரு பக்கம். தாதா குஞ்சுகளோடு பின்னால் ஓடிவந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கொஞ்சம் கடல் நிறையக் கடல் ஆகியிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இரண்டு வருடப் படிப்பு அதோ போகிறது, அதுவும் என் கண்ணெதிரே, மெதுவாக.

நான் அழுவதை மாமாவால் தாங்க முடியவில்லை. ஒப்பந்தத்தை மறந்தார். "அரே, ருக்கோ! எங்க பாப்பாவ விட்டுட்டுப் போறீங்களே!" என்று கப்பலை நோக்கி ஒரு கத்து கத்தினார்.

அந்தக் குரலைக் கேட்டு ஜெட்டியே திரும்பியது. கரகரப்பு இல்லை, உடைசல் இல்லை. மணி அடித்த மாதிரி இருந்தது. கப்பலின் பின்தட்டில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது, திரும்பிக் கையசைத்தார்கள். ஆனால் பாப்பாவுக்காகக் கப்பல் திரும்பாது. அழுதுகொண்டே நான் லாக்புக்கைத் திறந்து, 'குரல் தரம்: நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். (மாமா இதைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை.)

"முன்னாடியே கத்தியிருக்கலாமே மாமா" என்றேன்.

"நீதான பாப்பா விரல ஆட்டுன?" என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

தீவுகளுக்கு இடையே பறக்கும் ஹெலிகாப்டரில் இடம் கேட்டு அப்பா இரண்டு நாள் அலைந்தார், கிடைக்கவில்லை. மேடமுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் இருமுவது மாதிரி கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகு புரிந்தது. நான் குறைக்கத்தானே சொன்னேன் என்று மட்டும் கேட்டார். குரல் கட்டம் நிறையாமலே கல்லூரிக்குப் போனேன். அடுத்த ஆறு மாதம் ஜூனியர்களோடு உட்கார்ந்து, அக்கா அக்கா என்று கூப்பிடப்பட்டு, பட்டம் வாங்கினேன்.

இப்போது போர்ட் பிளேரில் எனக்கென்று ஒரு சிறிய கிளினிக் இருக்கிறது. வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் வாசலில் மாமா உதட்டில் விரலை வைத்து மறு கையை ஆட்டுவார். என் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம், மேளக்காரருக்கு எதிரே நின்று அதையே செய்தார். அந்த மனிதர் வாசிப்பதா நிறுத்துவதா என்று தடுமாறிப்போனார்.

குரல் கெட்டு வருகிறவர்களுக்கு என்னிடம் ஒரு படிவம் உண்டு. பெயர், வயது, தொழில், அதற்குக் கீழே நானே சேர்த்த ஒரு கேள்வி: 'உங்கள் குரலுக்காகக் காத்திருப்பவர் யார்?' அதைக் கேட்காமல் நான் யாரையும் பேசாதே என்று சொல்வதில்லை. போன மாதம் மாமா தொண்டை கட்டிக்கொண்டு வந்தார். படிவத்தை நீட்டினேன். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, அந்தக் கேள்விக்கு நேரே மெதுவாக எழுதினார்: 'ஹட் பே போற எங்க பாப்பா.'