கை காட்டிவிட்டுப் போன கார்

தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் மூன்றாவது லாரியும் முந்திக்கொண்டு போயிற்று. வைக்கோல் ஏற்றிய லாரி அது. வைக்கோலுக்கு மேலே ஒரு ஆள் படுத்துத் தூங்கிக்கொண்டு வந்தான். பாதித் தூக்கத்தில் கண் விழித்து, கீழே ஊர்ந்து வந்த சிவப்புக் காரைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, மறுபடியும் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

குப்புராஜுக்கு முகம் செத்துப்போயிற்று.

"நான் வேணா எறங்கி நடக்கட்டுங்களா?" என்றாள் பக்கத்தில் இருந்த அவர் மனைவி கண்ணம்மாள். சேலத்தில் வாங்கிய எவர்சில்வர் குடம் அவள் மடியில் இருந்தது. "முன்னாடி போயி ஒல வெச்சுடறேன். நீங்க பைய வாங்க."

"இது ரேஸ் காரு புள்ள. இதுக்கு இந்த ரோடு பத்தாது."

"அந்த வைக்கப்போரு லாரி வேற ரோட்டுலயா போச்சு?"

குப்புராஜ் ஆக்சிலேட்டரை மெதுவாக, பச்சைக் குழந்தையின் காலைப் பிடித்துவிடுவதுபோல அழுத்தினார். அவர் எப்போதும் அப்படித்தான். ஓங்கி மிதித்தால் வண்டிக்கு வலிக்கும் என்று நினைப்பு.

எண்பத்து நாலாம் வருடத்து மாசி மாதம் அது. பாலக்கோட்டில் கார் வைத்திருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எல்லாம் வெள்ளை அம்பாசடர், இல்லையென்றால் கறுப்பு அம்பாசடர். அந்த ஊரில் தக்காளி மண்டி வைத்திருந்த குப்புராஜ், பெங்களூருக்குப் போய், இரண்டே கதவு உள்ள, தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கிற சிவப்பு சீமைக் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றால் ஊர் என்ன சொல்லும்? புத்தி பிசகிவிட்டது என்று சொன்னது. சோழவரத்துக் கார்ப் பந்தயத்தில் ஓடிய வண்டி என்று விற்றவர் சொன்னார். இரண்டு கார்புரேட்டர். பின்பக்கம் நாயனம் மாதிரி இரண்டு புகைக்குழல். அந்த இரண்டு குழலைப் பார்த்ததுமே குப்புராஜ் விழுந்துவிட்டார்.

அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. பதினெட்டு வயதில் அவர் லாரியில் கிளீனராக இருந்தவர். இதே தொப்பூர் ஏற்றத்தில், பாரம் தாங்காமல் முனகிக்கொண்டு ஏறிய லாரியின் மேல் அவர் உட்கார்ந்திருந்தபோது, ஒரு சிவப்புக் கார் சர்ரென்று கடந்து போயிற்று. போகும்போது அதை ஓட்டியவன் கையை வெளியே நீட்டி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆட்டினான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அழுக்குச் சட்டையோடு இருந்த ஒரு பையனை அன்றைக்கு முதல் தடவையாக ஒருவர் பார்த்துச் சிரித்திருந்தார். நாமும் ஒருநாள் இந்த ஏற்றத்தில் ஒரு லாரியை முந்த வேண்டும், மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் கை காட்ட வேண்டும் என்று அன்றைக்கு மனசில் முடிந்துவைத்தது இருபத்திரண்டு வருடமாக அவிழாமல் கிடந்தது.

இப்போது கார் வந்துவிட்டது. ஆனால் கை காட்டுகிறவர்களெல்லாம் லாரிக்காரர்களாக இருந்தார்கள்.

கார் வந்த அன்றைக்கு வீட்டில் ஒருவரும் சந்தோஷப்படவில்லை, குள்ளம்மாளைத் தவிர. குப்புராஜின் மாடு கன்றுகளை பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். சாணிக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, காரை மூன்று தடவை சுற்றிப் பார்த்து, நெற்றிப்பொட்டில் விரலை வைத்து நெட்டி முறித்தாள்.

"ஊரு கண்ணெல்லாம் இது மேலதான் இருக்கும் தம்பி. முன்னாடி எலுமிச்சங்கா மொளகா கோத்துக் கட்டியுடட்டுங்களா? அமாவாசைக்கு அமாவாசை மாத்திக்கலாம்."

"ரேஸ் காருல எலுமிச்சங்காயா? பாக்கறவன் சிரிப்பான். அந்த மாதிரி எதுவும் எங்கண்ணுல படக்கூடாது, சொல்லிப்புட்டேன்."

"சரிங்க தம்பி," என்று குள்ளம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். முகத்தில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

முதல் பதினைந்து நாள் கார் பறந்தது. அதற்கப்புறம்தான் இந்த முனகல். தொப்பூரில் மானம் போன மறுநாளே குப்புராஜ் வண்டியை நூர் பாஷாவிடம் கொண்டுபோனார். டிராக்டர், கரும்பு லாரி, கிணற்று மோட்டார் எல்லாவற்றுக்கும் பாலக்கோட்டில் அவர்தான் வைத்தியர். சீமைக் காரைத் திறந்து பார்த்ததும் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார்.

"ரெண்டு கார்ப்ரேட்டர் அண்ணா. ரெண்டு பொண்டாட்டிக்காரன் கததான். ரெண்டும் ஒத்துப்போவணும்."

"ஒத்துப்போவ வெச்சுக் குடுங்க பாய்."

கழற்றினார், கழுவினார், மாட்டினார். சோதித்துப் பார்க்க ஏறி உட்கார்ந்து, டிராக்டரை மிதிக்கிற காலால் ஒரு மிதி மிதித்தார். கார் அடிவயிற்றிலிருந்து உறுமியது. பின்னால் டமார் என்று ஒரு சத்தம். பட்டறைக் கோழிகள் கூரைமேல் ஏறிவிட்டன. அடுத்த நொடி கார் பாப்பாரப்பட்டி ரோட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போய், போன வேகத்தில் திரும்பி வந்தது.

நூர் பாஷா இறங்கி, தரையில் கிடந்த உருண்டையான கறுப்புக் கட்டி ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். சூடாக இருந்ததால் கைக்குக் கை மாற்றினார்.

"பாத்தீங்களா, கரி. உள்ள எத்தன நாளா அடச்சுக்கிட்டு இருந்துச்சோ." முகர்ந்து பார்த்தார். "என்னமோ சாப்பாட்டு வாசம் வருது."

"சீமைப் பெட்ரோல் குடிச்ச வண்டி இல்லீங்களா," என்றார் குப்புராஜ், தெரிந்தவர்போல.

அந்தக் கரிக்கட்டி பட்டறை அலமாரியில், சாமி படம் வைக்கிற உயரத்தில் வைக்கப்பட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் நூர் பாஷா எடுத்துக் காட்டினார். அந்த வாரம் முழுக்கக் குப்புராஜ் சீட்டியடித்துக்கொண்டே மண்டிக்குப் போனார்.

பங்குனி அமாவாசை கழிந்தது. மறுபடியும் முனகல்.

இந்தத் தடவை நூர் பாஷா பிளக்கை எல்லாம் மாற்றி, இன்னும் எதையோ திருகிவைத்தார். கார் போகிற வழியெல்லாம் வெடிக்க ஆரம்பித்தது. சந்தை நாளில் மண்டி வாசலில் வெடித்த வெடிக்கு ஒரு ஜோடி மாடு மிரண்டு, தக்காளிக் கூடைகள் மேல் ஏறி நடந்து போயிற்று. ரோடு பூராவும் ரசம். குப்புராஜின் மண்டித் தக்காளியேதான்.

"திருகினத அவுத்துடுங்க பாய்."

"அவுத்தா நின்னுடும் அண்ணா. எஞ்சினையே எறக்கிப் பாத்துடலாம்."

எஞ்சின் இறங்கியது. மூன்று வாரம் பட்டறைத் தரையில் கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி பரப்பிக் கிடந்தது. திரும்ப மாட்டியபோது நாலு போல்ட் மிச்சம் வந்தது.

"மிச்சம் வந்தா தப்பில்லைங்களா?"

"நல்லதுங்க. ரேஸ் காருக்கு எடைதான் எதிரி." சொன்ன பிறகுதான் நூர் பாஷாவுக்கே அது நல்ல யோசனையாகப் பட்டது. பின் சீட்டைக் கழற்றினார். ஸ்டெப்னி டயரைக் கழற்றினார். இருந்த ஒரே ஜாக்கியையும் எடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் மிதித்த மிதியில் இன்னொரு டமார், இன்னொரு கரிக்கட்டி, ஒரு வாரத்துக்கு நல்ல ஓட்டம். அடுத்த அமாவாசை தாண்டியதும் பழைய குருடி.

குள்ளம்மாள்தான் ரொம்பவும் வருந்தினாள். காரைத் தள்ளிக்கொண்டு வரும்போதெல்லாம் வாசலுக்கு ஓடி வந்து அதன் முதுகைத் தடவிக் கொடுப்பாள்.

"கண்ணு பட்டுப் பட்டே எளச்சுப் போச்சுங்க. இன்னும் நல்லாப் பாத்துக்கணும் தம்பி."

"நீ ஒருத்திதான் குள்ளம்மா இது மேல பாசமா இருக்கறவ," என்பார் குப்புராஜ்.

ஆனி முடியும்போது கண்ணம்மாள் பொறுமை இழந்தாள்.

"ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லு போறோம். இந்தக் காருலயே போறோம். போயிட்டு யாரும் தள்ளாம வூடு வந்து சேந்தா, சாவற வரைக்கும் இதப்பத்தி ஒரு வார்த்த பேசமாட்டேன். நடுவுல நின்னுச்சு, அடுத்த வாரமே வித்துப்புடணும். சம்மதமா?"

குப்புராஜ் சம்மதித்தார். வேறு வழி இல்லை. அதற்கு முந்தின வாரம் நூர் பாஷா தன் பெருமையெல்லாம் போட்டு வேலை பார்த்தார். ஓடவிட்டுப் பார்த்ததில் மூன்றாவது கரிக்கட்டியும் விழுந்தது. வண்டி பட்டுப்போல ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்த குப்புராஜ் அதைக் கழுவித் துடைத்து, குள்ளம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நாளைக்கு இது ஓடறதுலதான் இருக்குது எல்லாம். நின்னுச்சுன்னா வித்துடுவேன்னு கண்ணம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

"ஒண்ணும் ஆவாது தம்பி. நான் இருக்கறன்ல," என்றாள் குள்ளம்மாள்.

மறுநாள் காலையிலேயே வண்டி எழ மறுத்தது. நாலு தடவை இருமி, ஐந்தாம் தடவைதான் கிளம்பியது. கண்ணம்மாள் முன் சீட்டில், குப்புராஜின் அக்கா செல்லி பின்னால் கவிழ்த்துப்போட்ட தக்காளிப் பெட்டி மேல், புளிச்சோற்றுத் தூக்கோடு. பென்னாகரம் வரை இரண்டு சைக்கிள் அவர்களை முந்தின. அதற்குமேல் காட்டு வழி இறக்கம். இறக்கத்தில் கார் தன்பாட்டுக்கு உருண்டு போயிற்று. குப்புராஜ் உற்சாகமாகிவிட்டார்.

"பாத்தியா, எப்படிப் போவுது."

"எஞ்சின் ஓடுதா தம்பி?" என்றாள் செல்லி பின்னாலிருந்து. ஓடவில்லை. அது எப்போதோ நின்றிருந்தது.

காவிரியில் குளித்தார்கள். மீன் வறுவல் சாப்பிட்டார்கள். குப்புராஜ் கார் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது முதல் வளைவிலேயே கார் மூச்சை விட்டுவிட்டது. பரிசல்காரர்கள் தள்ளினார்கள். பஸ் நின்று, பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். கடைசியில் ஒரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது. அந்த டிராக்டரையும் ஒரு லாரி முந்தியது. லாரி மேலே இருந்தவன் கை காட்டினான்.

கண்ணம்மாள் அதைப் பார்த்தாள். வழி நெடுக ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அது குப்புராஜுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வாக்கு வாக்குதான். நூர் பாஷா சொல்லி அனுப்ப, பெங்களூரிலிருந்து ஒரு எஸ்டேட் முதலாளிக்காக அவருடைய டிரைவர் சவுரியப்பன் வந்தார். பட்டாளத்தில் இருந்தவர், பனைமரம்போல் ஆள், பூட்ஸ் கால். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், பேசி முடித்தார், சாவியை வாங்கிக்கொண்டார்.

"கொஞ்சம் பைய மிதிங்க," என்றார் குப்புராஜ். "அதுக்கு வலிக்கும்."

சவுரியப்பன் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு உட்கார்ந்து, பூட்ஸ் காலால் தரையோடு தரையாக மிதித்தார்.

கார் நடுங்கியது. டமார் டமார் என்று இரட்டை வெடி. மாட்டுக் கொட்டகைத் தகரத்தில் எதுவோ போய் ணங்கென்று மோதியது. அடுத்து வந்த சத்தத்தைக் குப்புராஜ் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தார். சிவப்புக் கார் தெருமுனையை ஒரு கோடாகக் கிழித்துக்கொண்டு தர்மபுரி ரோட்டில் ஏறியது. ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டு, அவரைப் பார்த்து ஆடியது.

குப்புராஜும் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கடசிக் கரியும் போயிடுச்சு அண்ணா," என்றார் நூர் பாஷா மெதுவாக.

"எங்கிட்ட மட்டும் ஏன் பாய் ஓடல?"

கண்ணம்மாள் வந்து கணவரின் தோளில் கை வைத்தாள். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க," என்றாள். மெய்யாகவே சொன்னாள்.

அப்போதுதான் கொட்டகையிலிருந்து குள்ளம்மாள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"போயிட்டாருங்களா? ஐயோ தம்பி, சொல்ல மறந்துட்டனே. பின்னாடி இருக்கற கொழா ஓட்டையில அமாவாசைக்கு அமாவாசை எலுமிச்சங்கா நல்லா உள்ளார அழுத்தி வெக்கணும், தூரம் தொலைவு போற நாளுன்னா ரெண்டு ஓட்டையிலயும் வெக்கணும்னு அந்த டிரைவருக்கு ஒரு கடுதாசி போட்டுடுங்க, நான் இத்தன மாசம் உங்க கண்ணுல படாம வெச்சுக் காப்பாத்துன வண்டிங்க அது."